செவ்வாய்க்கிழமைக்காரர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு. தேமா, கானா நாடு

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். என் ஒரே மகன் ஆசீர், பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, என்னைக் கேட்காமல், எங்கள் ஊர் சுகந்தபுரம் சபைக் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், இந்த ஆப்பிரிக்கத் துறைமுக ஊரில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் பெயர் எஃபுவா. நர்ஸ் வேலை. போன வருஷம் நடந்தது. எனக்கு வந்தது ஒரு போட்டோ. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன் பல தடவை போன் செய்ததாகச் சொல்கிறான். செய்தான். நான் எடுக்கவில்லை. அவன் தாயார் வருஷ நினைவு ஆராதனைக்கு வரவில்லை என்று அப்போது கோபமாக இருந்தேன். எடுக்காத போனில் கல்யாணச் சம்மதம் கேட்பது என்ன முறை?

இப்போது எஃபுவா நிறைமாதக் கர்ப்பிணி. அதனால்தான் வந்தேன். மன்னிக்க வரவில்லை. எங்கள் வீட்டில் மூத்த பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர். என் தாத்தா பெயர் எனக்கு வந்தது. என் பெயர், சந்தோஷம், ஆணோ பெண்ணோ இந்தப் பிள்ளைக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்தப் போட்டோவில் நான் இல்லாததுபோல் இந்தக் குடும்பத்திலும் நான் இல்லை என்று அர்த்தம். ஆனால் நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். பெண் வீட்டார் என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வேன். அதுவரை அந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை.

இன்று காலை கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே நுழையும்போதே டிரம்ஸ். பெண்கள் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு இடத்துக்கு வருகிறார்கள். நடந்து வருவதில்லை, ஆடி வருகிறார்கள். எங்கள் கோவிலில் ஜெபத்தின்போது இருமினாலே முன்வரிசை திரும்பிப் பார்க்கும். இங்கே ஜெபத்தின்போது ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்றார். யாரும் திரும்பவில்லை. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தட்டுவதில்லை என்று தீர்மானம்.

பாஸ்டர், புதிதாக வந்தவர்கள் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லலாம் என்றார். ஆசீர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். நான் எழுந்துவிட்டேன். மைக் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீஷ் நானாக அகராதி வைத்துக் கற்றது. நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

"நான் விருந்தாளி இல்லை," என்றேன். "புகார் சொல்ல வந்தவன்."

"ஆமென்!" என்றது சபை.

"என் மகன் என்னிடம் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான்."

"அல்லேலூயா!" டிரம்ஸ்காரன் ஒரு உருட்டு உருட்டினான்.

"இது அநியாயம்!"

"ஆமென்! இன்னும் சொல்லுங்க அப்பா!"

சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என் கட்சியில் நின்றதில்லை. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையோ என்ற சந்தேகம் இருக்கிறது.

வீடு வரும் வழியில் ஆசீர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "நல்லாப் பேசினியப்பா," என்றான். அவன் தோள் குலுங்கிற்று. இருமல் என்றான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளியலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றினேன். முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவன் வந்த வீட்டில் குழாய் ஒழுகலாமா?

ஆகஸ்ட் 6, புதன்

எஃபுவா மத்தியானம் கென்கே என்று ஒன்று வைத்தாள். புளித்த மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து அவித்தது. கூட வறுத்த மீன், பச்சை மிளகாய் அரைத்தது. பழைய சோற்றின் புளிப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது உருண்டையும் பிடிக்கவில்லை.

"மாமா, இன்னும் ஒண்ணு?" என்றாள். 'மாமா' என்று சொல்ல ஆசீர் கற்றுக்கொடுத்திருக்கிறான். சரியாகத்தான் சொல்கிறாள். அது அவள் குற்றமில்லை.

சாயங்காலம் ஆசீரிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, அது உங்க பேருதான். நீங்களே சொல்லிருங்களேன்."

"கேக்காம எப்படிலே சொல்லுவேன்? அவங்க வந்து கேக்கட்டும்."

"அவங்க கேக்க மாட்டாங்கப்பா. அது வந்து..."

மேற்கொண்டு கேட்க நான் அங்கே நிற்கவில்லை. கேட்க மாட்டார்களாம்! அறைக்குப் போய்ப் பெட்டியைப் பூட்டி, வாசல் பக்கம் தெரியும்படி வைத்துவிட்டேன். செப்டம்பர் இரண்டாம் தேதி டிக்கெட்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று நடந்ததை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்த கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த பெண் எஃபுவா. செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண் கொபினா. வைத்த பெயர் வேறு இருந்தாலும் இது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். காணிக்கை நேரத்தில் ஒவ்வொரு கிழமைக்காரரும் தனித்தனியாக, வரிசையாக, ஆடிப்பாடி முன்னால் போக வேண்டும். எந்தக் கிழமையின் ஆட்டபாட்டம் முந்தியது என்று கடைசியில் அறிவிப்பார்கள். கர்த்தருடைய சந்நிதியில் ஏழு கட்சி! எங்கள் ஊர் சபைத் தேர்தலில்கூட இரண்டு கட்சிதான்.

செவ்வாய்க்கிழமையின் தலைவி யார் என்றால், எஃபுவாவின் தாயார். ஆரபா அம்மாள். சாளை மீனைப் புகைபோட்டு விற்கிறவள். கதவு அகலம் இருப்பாள். அந்தப் போட்டோவில் நடுவில் நின்று அதிகமாகச் சிரித்தவள். அவளிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள். இங்கிலீஷில்தான். அதை நம் பேச்சில் எழுதுகிறேன். வேகத்தை மட்டும் எழுத முடியாது.

"நீங்க எந்தக் கிழமை?"

"தெரியாது."

"பிறந்த கிழமை தெரியாம நீங்க எப்படி எழுபது வயசு வரைக்கும் நடமாடினீங்க?"

பள்ளிச் சான்றிதழில் 1954 ஜூன் 1 என்று இருப்பதைச் சொன்னேன். அவள் போனில் தட்டிப் பார்த்தாள். ஒரு கூச்சல் போட்டாள். செவ்வாயாம். மறு நிமிஷம் என் கை அவள் கையில். செவ்வாய்க்கிழமைக்காரர்கள் பதினைந்து பேர்கூடத் தேற மாட்டார்கள், ஆளுக்குப் பஞ்சம். என்னை இழுத்துப்போய் வரிசையில் சொருகினாள்.

நான் ஆடவில்லை. நடந்தேன். சவ ஊர்வலத்தில் நடப்பதுபோல் நிதானமாக நடந்தேன். அறிவித்தபோது செவ்வாய் கடைசி. புதன் முதல். எப்போதும் அப்படித்தானாம். புதன் தலைவர் அன்சா என்பவர், சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை உடுப்பில் எழுந்து நின்று நாலு பக்கமும் தலை வணங்கினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்காரர்கள் தோற்றதற்குக் காரணம் என்ன? ஆளுக்கு ஆள் இடைவெளி. முன்னால் போகிறவர் முடிக்குமுன் பின்னால் வருகிறவருக்குப் பாட்டு தீர்ந்துவிடுகிறது. கிழவர்களை முன்னால் விட்டதால் வேகம் போயிற்று. எங்கள் கோவில் குருத்தோலைப் பவனியை இருபது வருஷம் ஒழுங்குபடுத்தியவன் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஆரபா அம்மாளின் மீன் கொட்டகைக்குப் போனேன். பேசுவதற்கு அல்ல. தவறைச் சுட்டிக்காட்ட.

சாளையைக் கம்பி வலையில் அடுக்கி, கீழே விறகு. புகை கண்ணை எரித்தது. உப்புக் கல்லால் தரையில் செவ்வாய் வரிசையை அடுக்கிக் காட்டினேன். இளசுகள் முன்னால், குண்டானவர்கள் நடுவில், தடி ஊன்றுகிறவர்கள் பக்கவாட்டில் கைக்குட்டையோடு.

"நான் எந்தக் கல்லு?" என்றாள்.

பெரிய கல்லைக் காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கல்லைத் தூக்கி முன்னால் வைத்தாள். நான் எடுத்து நடுவில் வைத்தேன். மறுபடியும் முன்னால் வைத்தாள். அரைமணி நேரம் இப்படியே போயிற்று. கல் முன்னாலேயே இருக்கிறது. கொட்டகை அவளுடையது.

என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விறகுக் கட்டையில் உட்கார்ந்து சிரித்தாள். வேலைக்கு நின்ற பெண்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டிச் சொன்னாள். அவர்களும் உட்கார்ந்தார்கள். மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. அதற்கும் நான்தான் காரணமாம்.

பிள்ளையின் பெயரைக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் உண்டா? பெயரைப் பற்றித்தான் பேச்சு. கேட்கவில்லை. சிரித்தாளே தவிரக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செவ்வாய் இரண்டாம் இடம்!

அன்சாவுக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் வழிமறித்தார்.

"இந்தப் பெரியவர் செவ்வாய்தான்னு என்ன அத்தாட்சி? சுங்கத்துல முப்பது வருஷம் இருந்தவன் நான். சரக்கப் பாத்தாலே எந்த ஊர்ன்னு சொல்லுவேன். இவர் நடையைப் பாத்தா செவ்வாய் நடை இல்ல."

ஆரபா அம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "உங்க நடை மட்டும் என்ன நடை? வாத்து நடை."

நான் சட்டைப் பையிலிருந்து சான்றிதழ் நகலை எடுத்து நீட்டினேன். அரசாங்க முத்திரை. "நான் செவ்வாய்க்கிழமைக்காரன். சாகும்வரை செவ்வாய்தான்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. ஆரபா அம்மாள் நகலை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "கொபினா," என்று என் முதுகில் தட்டினாள். முதுகு இன்னும் வலிக்கிறது.

என் கால் அசைந்தது என்று ஆசீர் சொல்கிறான். அது தரையின் அதிர்வு.

ஆகஸ்ட் 20, புதன்

பெண் குழந்தை. தாய்க்குச் சுகம். மூக்கு என் அம்மாவின் மூக்கு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

எழுத ஒன்றும் இல்லை என்றேன். ஆனால் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறது. விடுவதில்லை. பிடிவாதம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் குழந்தையை எக்குவா என்று கொஞ்சுகிறார்கள். புதன்கிழமை பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயர். அது சரி, கிழமைப் பெயர் தானாக வருவது. வைக்கிற பெயர்? அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

மனம் பொறுக்காமல் ஊருக்குப் போன் போட்டு வேதமணி அக்காவிடம் முறையிட்டேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள். காது மந்தம், வாய் மந்தமில்லை.

"பொட்டப்பிள்ளையா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னைக்குப் பொறந்துச்சு?"

"நேத்து, புதன்கிழமை."

"அப்படியா! ஒன்னயப்போலயே புதன்கிழமை."

"அக்கா, நான் செவ்வாய்க்கிழமை."

"யாருலே சொன்னா?"

"சர்டிபிகேட்ல இருக்கு. ஜூன் ஒண்ணு."

"போலே கிறுக்கா. ஒன்னயப் பள்ளிக்கூடத்துல சேக்க அப்பாகூட நானும்லா வந்தேன். வாத்தியார் தேதி கேட்டாரு, அப்பா முழிச்சாரு. வரிசையில நின்ன அம்புட்டுப் பிள்ளையளுக்கும் ஜூன் ஒண்ணுன்னு போட்டாரு வாத்தியாரு. ஒங்க வகுப்பு மொத்தமும் ஒரே நாளுலயா பொறந்திய?"

"அப்ப நான் எப்ப பொறந்தேன்?"

"தேதி யாருக்குத் தெரியும்? சந்தை அன்னைக்குப் பொறந்தே. அம்மா சந்தையில கருப்பட்டி விக்கப் போனா. வெயிலு. பதினோரு மணிக்கு வலி கண்டுட்டு. கருப்பட்டிச் சிப்பத்துக்குப் பின்னால சாக்கை மறைச்சுக் கட்டினாக. நான் வெளிய நின்னு, வந்த வியாபாரத்தைக் கவனிச்சேன். ஒன் முதல் அழுகைக்கு ஒரு யாவாரி, 'என்ன வெல'ன்னு கேட்டான்."

சுகந்தபுரத்துச் சந்தை புதன்கிழமை. அன்றும் இன்றும் புதன்கிழமை.

"அக்கா, இதை ஏன் முன்னயே சொல்லல?"

"நீ எப்பலே கேட்டே?"

ஆகஸ்ட் 22, வெள்ளி

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு. சாகும்வரை செவ்வாய் என்று சபை வாசலில் சொன்னவன் நான்.

மத்தியானம் ஆரபா அம்மாள் வந்தாள். ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணி, தோளில் போர்த்திக்கொள்வது, பெரியவர்கள் போடுவது. முப்பத்தொன்றாம் தேதி ஞாயிறு ஆராதனையில் குழந்தைக்குப் பெயர் சொல்கிறார்களாம். அன்றைக்கு உடுத்த.

பிறகு எதிரே உட்கார்ந்தாள். பேசவில்லை. பேசாமல் உட்கார்ந்த ஆரபா அம்மாளை நான் பார்த்ததேயில்லை. நானும் பேசவில்லை. எஃபுவா மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். குடித்தோம். ஆரபா அம்மாள் பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன். என் வாயைப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிற்று. வெயில் சாய்ந்தது. கடைசியில் எழுந்து, "சரி கொபினா, உங்களுக்கு நேரம் வரும்போது," என்றாள். போய்விட்டாள்.

கேட்கவில்லை! பெயர் சொல்லும் விழாவுக்குத் துணி கொடுக்கத் தெரிகிறது. என்ன பெயர் என்று கேட்கத் தெரியவில்லை. அவர்களாக ஏதோ பெயரை முடிவுசெய்துவிட்டார்கள். போட்டோவில் விட்டதுபோல் இதிலும் விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செவ்வாய் முதலிடம். சரித்திரத்தில் முதல் தடவையாம்.

ஆரபா அம்மாள் என் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள். செவ்வாய்க்காரர்கள் என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். ஒரு கிழவர் தன் தடியை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, நடக்க முடியாமல் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அடுத்தவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்போல் இருந்தது. அன்சா தூரத்திலிருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எஃபுவாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்தேன். பால் ஊற அதுதான் நல்லது. நல்லெண்ணெய் கிடைக்கவில்லை, கடலை எண்ணெயில் சமாளித்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். "மாமா, எங்க அம்மாவுக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கட்டா?" என்றாள். வை என்றேன். குழம்புக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஆசீரிடம் கடைசியாகச் சொல்லிவிட்டேன். நாளை ஆராதனை முடியும்வரை யாரும் கேட்காவிட்டால், கோவில் வாசலிலிருந்து நேரே ஏர்போர்ட். விமானம் செவ்வாய்க்கிழமைதான். பரவாயில்லை, அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பெட்டியைக் கார் டிக்கியில் வைத்தாயிற்று.

"அப்பா, நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க. இவங்க முறை என்னன்னா..."

"முறையைப் பத்தி நீ பேசாதலே."

அவன் வாயை மூடிக்கொண்டான். முகம் அவன் அம்மா முகம்போல் ஆயிற்று. அவளும் இப்படித்தான், பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். அவன் அடுப்படிக்குப் போனான். எனக்கு ஒரு தம்ளர் காப்பி வந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

துணியை உடுத்தினேன். நல்ல துணியை வீணாக்கக் கூடாது. தோளில் நிற்காமல் வழுக்கிற்று. எஃபுவா மடித்துச் சொருகினாள். கோவிலில் என்னை முன்வரிசையில், நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாட்டு, டிரம்ஸ், கூச்சல், வழக்கம்போல். காணிக்கைக்கு முன்பு பாஸ்டர் குழந்தையைக் கையில் வாங்கினார். மேடையைவிட்டு இறங்கினார். நேரே என்னிடம் வந்தார். மைக்கை என் வாய்க்கு முன்னால் நீட்டினார். பேசாமல் நின்றார்.

நான் அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. டிரம்ஸ் நின்றது. பாட்டு நின்றது. விசிறிக்கொண்டிருந்த கைக்குட்டைகள் நின்றன. நாற்காலிமேல் ஏறுகிறவர்கூட இறங்கிக் கையைக் கட்டி நின்றார். இந்தக் கொட்டகையில் வெளியே போகிற லாரிச் சத்தம் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது. குழந்தையின் மூச்சு மைக்கில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரபா அம்மாள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். திறந்துவிடுமோ என்ற பயத்தில்.

ஆசீர் பின்னாலிருந்து குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "அப்பா, இவங்க முறையில பேரு தகப்பன் வீட்டுப் பெரியவர் வாயிலருந்துதான் வரணும். அவர்கிட்ட பேரைக் கேக்கதே அவமரியாதை. அவசரப்படுத்துத மாதிரி ஆயிருமாம். அந்தம்மா இந்தப் பத்து நாளும் நாக்கைக் கடிச்சிக்கிட்டு இருக்கு."

வாய் மூடவே தெரியாத அந்தச் சபை, எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றது. எத்தனை நேரம் நின்றதென்று தெரியாது. எங்கள் ஊரில் யாரும் எனக்கு இப்படி நின்றதில்லை.

அதற்காக என் கட்சி தப்பு என்று ஆகாது. கேட்டிருக்கலாம். ஆனால் குழந்தை நெளிந்தது. வெயில் நேரம், பிள்ளையை வைத்துக்கொண்டு வழக்குப் பேச முடியாது.

மைக்கைக் கையில் வாங்கினேன். "சந்தோஷம்," என்றேன். "எக்குவா சந்தோஷம்."

பாஸ்டர் உரக்கத் திருப்பிச் சொன்னார். கூரை பெயர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆரபா அம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தாள். பத்து நாள் சத்தமும் ஒன்றாக வந்தது.

பிறகு காணிக்கை. கிழமை வரிசைகள் எழுந்தன. பெயர் வாங்கிய குழந்தை முதல் தடவையாகத் தன் கிழமை வரிசையில் போக வேண்டும். அதே கிழமைக்காரர் ஒருவர் தூக்கிப்போக வேண்டும். அன்சா வெள்ளை உடுப்பைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தார். என் பேத்தியை! என் அம்மாவின் மூக்கை!

"நில்லும்," என்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. "நானும் புதன்கிழமைதான்."

அன்சா நீட்டிய கையோடு நின்றார்.

சான்றிதழ், ஜூன் ஒன்று, வாத்தியார், சந்தை, கருப்பட்டிச் சிப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். 'என்ன விலை' என்று கேட்ட வியாபாரியைச் சொன்னபோது, இந்த முறை சரியான இடத்தில் சிரித்தார்கள். முதலில் சிரித்தது அன்சா. "சொன்னேன்ல! நடையைப் பாத்தே சொன்னேன்ல!" என்று ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொன்னார்.

செவ்வாய்ப் பக்கம் பெரிய கூச்சல். ஆரபா அம்மாள் கைப்பையைத் திறந்து என் சான்றிதழ் நகலை எடுத்தாள், கூட்டத்துக்குக் காட்டினாள்.

"துரோகி! என் கொட்டகையில உக்காந்து என் உப்புக்கல்லை அடுக்கினவன்! போ, குவெக்கு, அந்த வாத்துக்குப் பின்னால போ!"

குவெக்கு என்றால் புதன்கிழமை ஆண். சொல்லிவிட்டுக் குழந்தையைப் பாஸ்டர் கையிலிருந்து வாங்கினாள். என்னிடம் கொண்டுவந்தாள். என் தோள் துணியைச் சரிசெய்து, குழந்தையை அதற்குள் வைத்தாள். அவள் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது. மீன் புகைக்குப் பழகிய கண், லேசில் கலங்காது.

புதன் வரிசையில் குழந்தையோடு போனேன். டிரம்ஸ் சத்தத்தில் அது அழத் தொடங்கிற்று. குழந்தை அழுதால் ஆட்ட வேண்டும். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். கையை மட்டும் ஆட்டினால் போதவில்லை. இடுப்பும் சேர வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தால் நான் பொறுப்பல்ல. ஆசீர் போட்டோ எடுத்தான். எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. கை காலியாக இல்லை.

புதன் முதலிடம். செவ்வாய் பழையபடி கடைசி.

இனி நடக்க வேண்டியவை:

ஆசீர் டிக்கியிலிருந்து பெட்டியை மேலே கொண்டுவர வேண்டும். டிக்கெட்டைக் கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு தேதிக்கு மாற்ற வேண்டும். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காவது சுகந்தபுரம் கோவிலுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் போனை எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிக்க வேண்டும்.

எஃபுவா கனம் தூக்கக் கூடாது. பச்சை மிளகாயைக் குறைக்க வேண்டும். கென்கே அவிக்கக் கற்றுத் தர வேண்டும். எனக்குப் பிடித்ததால் அல்ல, செய்முறையில் ஒரு திருத்தம் இருக்கிறது.

வேதமணி அக்கா, கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் ஒன்று போட்ட வாத்தியாரைக் கர்த்தர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்சா புதன் வரிசையின் முன்னிடத்தை எனக்கு விட வேண்டும். அவர் நடை உண்மையிலேயே வாத்து நடைதான்.

சம்பந்தியம்மா என் சான்றிதழ் நகலைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் துரோகி என்பதை நிறுத்த வேண்டும். செவ்வாய் வரிசையில் பெரிய கல்லை நடுவில் வைக்க வேண்டும். அதற்காக நான் புதன்கிழமை வந்து மறுபடியும் அடுக்கிக் காட்டுவேன், இது புதன் கட்சிக்குத் தெரியக் கூடாது.

நான் அடுத்த ஞாயிறு வலது காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும். இன்று இடது கால் முந்திவிட்டது.